டைல் அளவை முதலில், அறை அளவை அப்புறம்: வீடு கட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுப் படுக்கையறை 11-க்கு 12 அடி. தரைக்கு 2-க்கு 2 டைல் எடுத்தோம். நான்கு டைல் உள்ள ஒரு பெட்டி 16 சதுர அடி என்று வைத்து, 132-ஐ 16-ஆல் வகுத்து 9 பெட்டி, அதாவது 36 டைல் வாங்கினேன். மூன்று நான்கு டைல் மிஞ்சும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வேலை முடியும்போது இரண்டு டைல் பற்றாமல் போனது. பத்து நாள் கழித்துக் கடைக்குப் போனால் அதே டிசைன் இருந்தது, ஆனால் வேறு பேட்ச். நிறம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அந்த இரண்டும் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

எங்கே தப்பு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓரத்து வரிசைக்குத் தேவைப்பட்ட துண்டின் அகலம் 303 மி.மீ. ஒரு டைலில் அதை வெட்டியதும் கையில் மிஞ்சியது 295 மி.மீ. வெறும் 8 மி.மீ. குறைந்ததால் மிஞ்சிய துண்டு எதுவும் அடுத்த இடத்துக்கு உதவவில்லை. ஆறு இடத்துக்கு மூன்று டைல் போதுமாயிருக்க வேண்டியது, ஆறு டைல் போனது. கூடவே இரண்டு உடைந்தன, அவ்வளவுதான். சுவர் எழுப்பும்போது அரை இன்ச் குறைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

டைலை எல்லோரும் கடைசியில்தான் யோசிக்கிறோம். டிசைனைக் கடைசியில் முடிவு செய்யலாம், தவறில்லை. அளவை மட்டும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எப்படி என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: 2 அடி டைல் 2 அடி இல்லை

கடையில் "டூ பை டூ" என்று கேட்டு வாங்கும் டைலின் அளவு 600 மி.மீ. இரண்டு அடி என்பது 609.6 மி.மீ. குஜராத்தின் மோர்பி உட்பட நம் நாட்டுத் தொழிற்சாலைகள் எல்லாம் மில்லிமீட்டரில்தான் டைல் செய்கின்றன. நாமும் கொத்தனாரும் அடியில் பேசுகிறோம். ஒரு டைலுக்கு ஏறக்குறைய 10 மி.மீ. வித்தியாசம் என்றால், 20 அடி ஹாலில் பத்து டைலுக்கு 96 மி.மீ., கிட்டத்தட்ட நான்கு இன்ச்.

அதேபோல "ஃபோர் பை டூ" என்பது 1200-க்கு 600, பாத்ரூம் தரைக்குப் போடும் "ஒன் பை ஒன்" 300-க்கு 300. பெட்டிக் கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. 600-க்கு 600 டைல் ஒரு பெட்டியில் நான்கு இருக்கும். அது 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. அதைப் பலரும் 16 என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன்.

ஆகவே முதல் வேலை, ஒரு மில்லிமீட்டர் டேப் வாங்குவது. எந்த அளவு டைல் என்று முடிவு செய்ததும் கடையில் நான்கைந்து டைலை அளந்து பாருங்கள். விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்திய ரெக்டிஃபைட் டைல் என்றால் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். தேய்க்காத டைலில் ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு மி.மீ. மாறும், அதற்கு இடைவெளி கூடுதலாக விட வேண்டும். நீங்கள் பார்த்த டிசைன் ஒரு வருடம் கழித்துக் கிடைக்காமல் போகலாம். 600-க்கு 600 என்ற அளவு எங்கும் போய்விடாது. அதனால் அளவை மட்டும் இப்போது உறுதி செய்தால் போதும்.

படி 2: சுவருக்கும் டைலுக்கும் நடுவில் என்னவெல்லாம் இருக்கிறது

பிளானில் 10 அடி என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் உள்ள தூரம். டைல் அத்தனை தூரமும் போகாது.

உள் பூச்சு ஒரு பக்கம் 12 மி.மீ., இரண்டு பக்கம் 24. டைலுக்கும் பூசிய சுவருக்கும் நடுவில் பக்கத்துக்கு 8 மி.மீ. இடம் விடுங்கள், இரண்டு பக்கம் 16. வெயிலில் டைலும் தரையும் கொஞ்சம் விரியும். போக இடம் இல்லாவிட்டால் ஒரு நாள் நடு ஹாலில் டைல்கள் கூரை மாதிரி எழும்பி நிற்கும். சுவரோரம் விடும் இந்த இடைவெளி அதற்காகத்தான். மேலே ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) உட்காருவதால் கண்ணுக்கும் தெரியாது.

அப்புறம் டைலுக்கும் டைலுக்கும் நடுவில் 2 மி.மீ. ஸ்பேசர். இடைவெளியே விடாமல் ஒட்டிப் போடச் சொல்பவர்கள் நிறையப் பேர், பார்க்க அழகு என்பதற்காக. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு டைல் அரை மி.மீ. பெரிதாக இருந்தாலும் பத்தாவது டைலில் கோடு விலகிவிடும்.

இப்போது கணக்கு. முழு டைல்கள் மட்டுமே வருகிற மாதிரி அறை வேண்டுமென்றால், செங்கல்லுக்குச் செங்கல் இருக்க வேண்டிய அளவு: டைல் எண்ணிக்கையை 602-ஆல் பெருக்கி 38-ஐக் கூட்டுங்கள். 600 டைல், 2 ஸ்பேசர். 38 என்பது பூச்சும் சுவரோர இடமும் சேர்ந்த 40-இல், கடைசி டைலுக்குத் தேவைப்படாத ஒரு ஸ்பேசரைக் கழித்தது.

4 டைல்: 2446 மி.மீ., 8 அடி 2 நூல்
5 டைல்: 3048 மி.மீ., சரியாக 10 அடி
6 டைல்: 3650 மி.மீ., 11 அடி 11¾ இன்ச்
7 டைல்: 4252 மி.மீ., 13 அடி 11½ இன்ச்
8 டைல்: 4854 மி.மீ., 15 அடி 11 இன்ச்
9 டைல்: 5456 மி.மீ., 17 அடி 10¾ இன்ச்
10 டைல்: 6058 மி.மீ., 19 அடி 10½ இன்ச்

(ஒரு இன்ச்சுக்கு 8 நூல், ஒரு நூல் ஏறக்குறைய 3 மி.மீ. கொத்தனாரிடம் நூல் கணக்கில் சொன்னால் உடனே புரியும். இன்ச் அளவுகளை டேப்பில் பார்க்க வசதியாகக் கிட்டத்தட்டவே எழுதியிருக்கிறேன்.)

10 அடி அறைக்குக் கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். 12 அடியிலும் தொல்லை இல்லை, 7 அல்லது 8 மி.மீ.தான் கூடுதல், அது ஸ்கர்ட்டிங்குக்குள் போய்விடும். 14 அடியிலிருந்து கவனம் தேவை. 20 அடி ஹாலில் பத்து டைல் போட்ட பிறகும் ஒன்றரை இன்ச் பட்டை ஒன்று மிஞ்சி நிற்கும். அந்த ஒன்றரை இன்ச்சை வெட்டுவதும் கஷ்டம், பார்ப்பதற்கும் நன்றாயிராது.

படி 3: பாதி டைலில் முடியும் அறைகள்

எல்லா அறையும் முழு டைலில் முடியாது. மனையின் அகலம், தூண் வரும் இடம், கட்டில் அளவு எல்லாம் இருக்கிறதே. முழு டைல் முடியாவிட்டால் அடுத்த நல்ல இடம் பாதி டைல். ஒரு டைலை நடுவில் வெட்டினால் இரண்டு துண்டும் பயன்பட வேண்டும். வெட்டும் பிளேடு 2 மி.மீ. தின்னும் என்பதால் ஒரு துண்டுக்கு 299 கிடைக்கும், கைப்பிசகுக்கு 1 மி.மீ. விட்டால் துண்டின் அகலம் 298-க்கு மேல் போகக் கூடாது. 298 வரை இரண்டு இடத்துக்கு ஒரு டைல், அதைத் தாண்டினால் இரண்டு இடத்துக்கு இரண்டு டைல். செலவு நிற்பதும் ஓடுவதும் இந்தக் கோட்டில்தான்.

கணக்கு: முழு டைல்களை 602-ஆல் பெருக்கி 338 கூட்டுங்கள். அதுதான் உச்ச வரம்பு.

5½ டைலுக்கு 3348 மி.மீ., அதாவது 10 அடி 11¾ இன்ச்சுக்குள் இருக்க வேண்டும். 6½ டைலுக்கு 12 அடி 11½ இன்ச். 7½ டைலுக்கு 14 அடி 11 இன்ச். 8½ டைலுக்கு 16 அடி 10¾ இன்ச்.

கவனித்தீர்களா? 11, 13, 15, 17 என்று முழு அடியில் கட்டினால் நான்குமே வரம்பைத் தாண்டுகின்றன. 11 அடி தாண்டுவது 5 மி.மீ., ஒன்றரை நூல். 13 அடி தாண்டுவது 12 மி.மீ. இவ்வளவு சிறிய அளவுக்காக ஓரத்து வரிசை முழுவதும் டைல் இரட்டிப்பாகிறது.

மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள் 10, 11, 16, 17 போன்ற அளவுகளை விரும்புவார்கள். 11 அடியை அரை இன்ச் குறைக்க வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அதற்காக மனஸ்தாபம் வேண்டாம். செங்கல் அளவு 11 அடியாகவே இருக்கட்டும். சுவரோர இடத்தை 8-க்குப் பதில் இரண்டு பக்கமும் 11 மி.மீ. ஆக்குங்கள். துண்டு 297-க்கு வந்துவிடும். இதைத் தரை போடும் அன்று சொன்னால்கூடப் போதும். எங்கள் வீட்டில் எனக்கு அது தெரியவில்லை. 16 அடிக்கு ஸ்பேசரை 2-லிருந்து 3 மி.மீ. ஆக்கினால் ஏழு இடைவெளியில் 7 மி.மீ. ஏறும். மீதி சுவரோரம் பக்கத்துக்கு 16 மி.மீ. ஆகும். ஸ்கர்ட்டிங் டைலைக் கலவை வைத்து ஒட்டுவதாக இருந்தால் அதை மூடிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்கர்ட்டிங் சுவரோடு சமமாக, வெளியே துருத்தாமல் வேண்டும் என்பவர்களுக்கு இந்த மறைப்பு கிடைக்காது. அவர்கள் சுவர் எழுப்பும்போதே அளவைச் சரியாக வைத்தாக வேண்டும்.

படி 4: ஒரு ஹாலைப் போட்டுப் பார்ப்போம்

ஹால் 13-க்கு 20 அடி. டைல் 600-க்கு 600.

20 அடி நீளத்தில் ஒன்றரை இன்ச் பட்டை வேண்டாம் என்று டைல் போடுபவர் இரண்டு ஓரத்தையும் சமமாகப் பிரிப்பார். நடுவில் 9 முழு டைல், இரண்டு முனையிலும் 318 மி.மீ. துண்டு. இரண்டுமே 300-ஐத் தாண்டியவை, ஆகவே நீளத்துக்கு 11 டைல். அகலத்தில் 6 முழு டைலும் 310 துண்டும், ஆக 7 டைல். மொத்தம் 77.

அதே ஹாலை 12 அடி 11½ இன்ச்சுக்கு 19 அடி 10½ இன்ச் என்று கட்டினால் நீளத்துக்கு 10, அகலத்துக்கு ஆறரை. மொத்தம் 65 டைல். வித்தியாசம் 12 டைல், மூன்று பெட்டி. ஹாலில் இழந்த இடம் ஒரு பக்கம் அரை இன்ச், இன்னொரு பக்கம் ஒன்றரை இன்ச். உட்கார்ந்தாலும் நடந்தாலும் யாருக்கும் தெரியாது.

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதல் கணக்கில் மிஞ்சும் துண்டுகள் 280 மி.மீ. அகலம் உள்ளவை. அதில் நான்கு இன்ச் ஸ்கர்ட்டிங் பட்டை இரண்டு எடுக்கலாம். தரை டைலிலேயே ஸ்கர்ட்டிங் போடுவதென்றால் இந்த ஹாலுக்கு எப்படியும் 7 டைல் தனியாக வேண்டியிருக்கும், அது மிச்சம். அப்போது நிஜ வித்தியாசம் 5 டைல்தான். ஸ்கர்ட்டிங்குக்கு வேறு நிறமோ கிரானைட்டோ போடுபவர்களுக்கு 12 டைலும் நஷ்டம். அதனால் ஸ்கர்ட்டிங் எதில் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வெட்டும் கூலி, வெட்டும் நேரம், வெட்டும்போது உடைவது எல்லாம் தனிக் கணக்கு.

படி 5: அறைக்கு அறை கோடு சேர வேண்டுமா?

ஹாலில் போகும் கோடு அப்படியே படுக்கையறைக்குள்ளும் போக வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அழகுதான். ஆனால் அப்படிச் செய்தால் ஹாலும் சுவரும் அறையும் ஒரே கட்டத்தில் அடங்க வேண்டும். 9 இன்ச் சுவர் பூச்சோடு 254 மி.மீ., நாலரை இன்ச் சுவர் 139 மி.மீ. இவை 602-இல் எங்கும் பொருந்தாது. ஹாலுக்குப் பார்த்துப் பார்த்து வைத்த அளவு அறைக்குள் போனதும் கலைந்துவிடும்.

என் யோசனை, ஒவ்வொரு கதவுக்கும் கீழே சுவர் அகலத்துக்கு ஒரு கிரானைட் பட்டை. கதவை மூடினால் கோடு அங்கே முடிந்துவிடும். ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகக் கணக்குப் போடலாம். வீடு முழுக்க வீணாவதைக் குறைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கதவே இல்லாமல் ஹாலும் சாப்பாட்டு இடமும் ஒன்றாக இருந்தால் மட்டும் இரண்டையும் ஒரே அறையாக வைத்துக் கணக்கிடுங்கள்.

படி 6: அளவுக் கோல் ஒன்று செய்யுங்கள்

காகிதத்தில் கணக்குப் போட்டு மேஸ்திரியிடம் கொடுத்தால் அது சட்டைப் பையிலேயே இருக்கும். அதற்குப் பதில் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றில் 602, 1204, 1806 என்று மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். பேஸ்மென்ட் மேல் முதல் வரி கல் வைக்கும்போது அந்தக் கோலைச் சுவருக்குச் சுவர் வைத்துப் பார்க்கலாம். முதல் வரியில் ஒரு கல்லை அரை இன்ச் நகர்த்த ஐந்து நிமிடம் போதும். கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வந்த பிறகு நகர்த்த முடியாது.

அதே நாளில் மூலைமட்டமும் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி குறித்தால் குறுக்கே 10 அடி வர வேண்டும். அறையின் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இன்ச் கோணல் இருந்தால் ஓரத்து டைல் ஒவ்வொன்றும் வெவ்வேறு அகலத்தில் வரும். மேலே போட்ட அத்தனை கணக்கும் அங்கே வீண்.

நாலரை இன்ச் சுவரில் 9 இன்ச் தூண் வந்தால் மூலையில் அது அறைக்குள் துருத்தும். முடிந்தால் துருத்தல் அலமாரி வரும் பக்கமோ, அடுத்த அறையின் கதவுக்குப் பின்னாலோ போகும்படி இன்ஜினியரிடம் கேளுங்கள். டைலை எல் வடிவில் வெட்டும்போது உள்மூலையில்தான் விரிசல் விடும்.

படி 7: 4-க்கு 2 டைல் என்றால்

நீளத்துக்கு 1202-ஆல் பெருக்கி 38 கூட்டுங்கள். 3 டைலுக்கு 3644 மி.மீ., 12 அடி அறைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். 10 அடி அறைக்கு இரண்டரை டைல். அங்கே அரைத் துண்டு 604 வருகிறது, இருக்க வேண்டியது 598. சுவரோர இடத்தைப் பக்கத்துக்கு 3 மி.மீ. கூட்டினால் சரியாகிவிடும்.

இந்த டைலை வரிசைக்கு வரிசை தள்ளிப் போட்டால், ஒரு வரிசையில் மிஞ்சிய துண்டை அடுத்த வரிசை தொடங்கப் பயன்படுத்தலாம். செலவு குறையும். ஆனால் பாதிக்குப் பாதி தள்ளாதீர்கள். நீள டைல் நடுவில் லேசாக வளைந்திருக்கும். ஒன்றின் நடுவும் அடுத்ததன் முனையும் பக்கத்தில் வந்தால் விளிம்பு காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்கு தள்ளுவது போதும். குறுக்குச் சாய்வாகப் போட ஆசைப்பட்டால் எந்த அளவிலும் 15 சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும். அதற்கு இந்த வழிகாட்டி உதவாது.

படி 8: பாத்ரூம்

இங்கே சுவரிலும் டைல் வருவதால் பக்கத்துக்கு 12 மி.மீ. பூச்சோடு, ஒட்டும் கலவையும் டைல் கனமும் சேர்த்து 25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 அடி அகல பாத்ரூமில் மிஞ்சுவது 1169 மி.மீ. தரைக்கு 300-க்கு 300 டைல் என்றால் மூன்று முழு டைலும் 260 மி.மீ. போல ஒரு துண்டும். வீணாவது அதிகமில்லை, அதனால் இதற்காக அளவை மாற்ற வேண்டாம். தண்ணீர் போகும் ஜாலி மட்டும் நான்கு டைல் சேரும் மூலையிலோ ஒரு டைலின் நடுவிலோ வரும்படி குழாய் போடும்போதே சொல்லிவிடுங்கள். சுவரில் 300-க்கு 600 டைலைப் படுக்கையாகப் போட்டால் 7 வரிசை 2112 மி.மீ. உயரம், 7 அடிக் கதவின் உயரத்துக்கு நெருக்கமாக வரும்.

சுவர் ஏற்கெனவே எழுந்துவிட்டதா?

பூச்சுக்கு முன் என்றால் இன்னும் வழி இருக்கிறது. செங்கல் அளவை மில்லிமீட்டரில் எடுத்து, துண்டு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஒரு சுவரில் பூச்சு 12-க்குப் பதில் 15 ஆனால் 3 மி.மீ. கிடைக்கும், அதற்கு மேல் பூச்சைத் தடிமனாக்க வேண்டாம். ஸ்பேசரில் சில மி.மீ., சுவரோரத்தில் சில மி.மீ. மூன்றும் சேர்ந்தால் ஒரு அறையில் 15 மி.மீ. வரை சரிக்கட்டலாம்.

பூச்சும் முடிந்துவிட்டால் டைலைத் தரையில் கலவை இல்லாமல் நீளத்துக்கு ஒரு வரிசை, அகலத்துக்கு ஒரு வரிசை அடுக்கிப் பாருங்கள். வாசலில் நின்றதும் கண்ணில் படும் பக்கம் முழு டைல் வரட்டும், துண்டு கட்டிலுக்கோ பீரோவுக்கோ அடியில் போகட்டும். மிகக் குறுகிய பட்டை வந்தால் சுவரோரம் நாலைந்து இன்ச்சுக்குக் கிரானைட் பார்டர் ஓட்டி நடுவில் முழு டைலை முடிப்பது நல்ல வழி.

வாங்கும்போது

சதுர அடியை மறந்துவிடுங்கள். அறைக்கு அறை டைல் எண்ணிக்கையாக எழுதுங்கள். 10-க்கு 12 அறைக்கு 5 பெருக்கல் 6, 30 டைல். சதுர அடியில் 10 சதவீதம் கூட்டிப் பார்த்தால் 9 பெட்டி என்று வரும், எண்ணினால் ஏழரைப் பெட்டிதான். எல்லா அறையையும் கூட்டிய பிறகே பெட்டியாக மாற்றுங்கள், அறைக்கு அறை பெட்டியை முழுமையாக்கினால் நிறைய மிஞ்சிவிடும். வெட்டும் வரிசைகளுக்கும் உடைவதற்கும் மொத்தத்தில் 3 முதல் 5 சதவீதம் சேர்த்து, அதற்கு மேல் ஒரு பெட்டி பின்னாளைய பழுதுக்கு. இறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து, அவற்றை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய பெட்டியைப் பரணில் படுக்க வைக்காதீர்கள், டைலைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால்தான் உடையாமல் இருக்கும்.